அடி எடுத்துக் கொடுத்தவள்

வலப்பக்கப் படுதாவுக்குப் பின்னால்
முக்காலியில் நான்.
மடியில் நோட்டு, கையில் டார்ச் லைட்.
மேடையில் நாக்குத் தடுமாறினால்
அடி எடுத்துக் கொடுக்க வேண்டும்.
கூலி ஆறு வெள்ளி, ஒரு மீஹூன் பொட்டலம்.

பாடாங் செராய். தோட்ட மண்டபம்.
தீமிதி முடிந்த மறுநாள் ராத்திரி.
முன்வரிசையில் கிராணிமார்,
அவர்களுக்குப் பின்னால் மண்டோர்கள்,
அப்புறம் பாய் விரித்து மொத்த லயமும்.
ஜெனரேட்டர் இருமும்போதெல்லாம்
ராஜசபை இருண்டுபோய்
மறுபடி ராஜசபை ஆகும்.

பழைய கதைதான்.
வாயாடி ராணி. வருகிற ராஜாவையெல்லாம்
கேள்வி கேட்டு மடக்கி
மீசையை மழித்து அனுப்புவாள்.
கடைசியில் ஒருத்தன் வருவான்.
சொல்லுக்குச் சொல், ஏச்சுக்கு ஏச்சு,
மூன்று அங்கம் சிரித்து வயிறு நோகும்.
நாலாம் அங்கத்தில் அவன் காலில் விழுவாள்.
மங்களம்.

ராணி, பூங்காவனம்.
விடியுமுன் பெரட்டுக்கு நின்று
நானூறு மரம் வெட்டுகிறவள்.
பால் நிறுக்கையில் மண்டோர் கட்டைவிரலைத் தராசில் வைத்தபோது
"விரலையும் அறுத்துப் போடுங்க, எடை சரியா வரும்" என்றவள்.
ராஜா, பால் லாரி தனபாலன்.
இருபது நாள் ஒத்திகையில்
தன் வசனத்தை மறந்துகொண்டே இருந்தான்,
அவள் வசனம் ஒருவரி விடாமல் தெரியும்.
நான் மட்டும் கவனித்தேன்.
நோட்டு என்னிடம்தானே.

அன்று மூன்று அங்கமும் தீயாய்ப் போயின.
நாலாம் அங்கத்தில்
பூங்காவனம் நின்றாள். வாய் திறக்கவில்லை.
மறந்துவிட்டாளோ என்று எடுத்துக் கொடுத்தேன்:
"இன்று முதல் தங்கள் காலடியே..."
அசையவில்லை.
கொஞ்சம் உரக்க: "காலடியே என் சிம்மாசனம்."
படுதாவைத் திரும்பிப் பார்த்தாள்.
"கேட்டுச்சு. அவ்ளோ ஆசையா இருந்தா
நீயே வந்து விழு."

மண்டபம் அதிர்ந்தது.
எப்படி எழுந்தேன் தெரியாது,
வெளிச்சத்தில் நிற்கிறேன்,
காலில் சிலிப்பர், கையில் எரிகிற டார்ச்.
முன்வரிசையில்
எனக்குப் பரிசம் போட்ட ஜோதிலிங்கம்,
கால்மேல் கால், பாலிஷ் போட்ட சப்பாத்து.
அந்த வரி என் வாயில் இருந்தது
சூடான மரவள்ளிக் கிழங்குபோல,
விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல்.

தனபாலன்தான் முட்டி போட்டான்.
அவள் வசனத்தை, அவள் ஏற்ற இறக்கத்தோடே,
நோட்டைப் பார்க்காமல், முழுசாகச் சொன்னான்.
காகித மகுடம் சரிந்து காதில் தொங்கியது.
ஒருத்தரும் சிரிக்கவில்லை.
எங்கோ ஒரு குழந்தை அழுதது.

பூங்காவனம் அவனையே பார்த்தாள்.
அந்தப் பார்வை நோட்டில் இல்லை.
பிறகு சொன்னாள்:
"எந்திரி. வாடகை வேட்டி."

ஜெனரேட்டர் நின்றுபோனது.
இருட்டிலும் சிரிப்பு நிற்கவில்லை.

லயத்துக்குத் திரும்பும் செம்மண் பாதையில்
ஜோதிலிங்கம் கேட்டார்:
"உன்ன யாரு வெளிய வரச் சொன்னா?
பின்னால இருக்கறவ பின்னாலதான் இருக்கணும்."
பழக்கம், காத்திருந்தேன்,
கித்தா மரங்களுக்குப் பின்னாலிருந்து
யாராவது அடி எடுத்துக் கொடுப்பார்களென்று.
தவளைகள்தான் கத்தின.
"தட்டை நாளைக்கு அம்மா கொண்டாந்து குடுப்பாங்க."
பெரிய வசனம் இல்லை.
இன்னும் நல்லதாக ஒன்று
மூன்று நாள் கழித்துத்தான் தோன்றியது.

மறுவருஷமும் அதே நாடகம்.
அதற்குள் பூங்காவனம் பால் லாரியின் முன்சீட்டில்.
எந்த வளைவில் கியர் மாற்றுவதென்று சொல்வாள்,
மாற்றமாட்டான், லாரி திணறும்,
இரண்டுபேர் சிரிப்பும் சாலைவரை கேட்கும்.

புது ராணி, டிரஸ்ஸர் மகள்.
நான் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்த
"எந்திரி. வாடகை வேட்டி"யை
நெட்டுருப் போட்டு, கைநீட்டி, ராகமாகச் சொன்னாள்.
கைதட்டினார்கள்.
சிரிக்கவில்லை.

டார்ச்சை அணைத்தேன்.
நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து
விரலில் ஒட்டியிருந்த மீஹூன் எண்ணெயைத்
துடைத்துக்கொண்டேன்.